ஈரத்துணி

பௌர்ணமிக்கு மறுநாள் விடிகாலையில் கிரிவலப் பாதையைப் பார்க்க வேண்டும். லட்சம் பேர் புண்ணியத்தை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். மிச்சமெல்லாம் பாதையில் கிடக்கும். அன்னதானத்துப் பாக்குமட்டைத் தட்டுகள், மிதிபட்ட புளிச்சோறு, தண்ணீர் பாக்கெட்டுகள், அறுந்த செருப்புகள், எண்ணெய் வழிந்த அகல் விளக்குகள். அகல்தான் மோசம். வெறுங்காலோடு நடக்கிற பாதை என்பதால் உடைந்த அகலின் சில்லு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. தாரில் ஒட்டிய எண்ணெயையும் சோற்றையும் தகரத்தால் சுரண்டியெடுத்து, பிறகு நீளக் கம்பு கட்டிய தென்னந்துடைப்பத்தால் வாரியடிக்க வேண்டும். முதல் அரை மணியில் தோள்பட்டை கடுக்கும். அதற்கப்புறம் தோள்பட்டை இருக்கிற நினைவே இருக்காது.

பாஞ்சாலைக்கு அடி அண்ணாமலையிலிருந்து வாயு லிங்கம் வரை. பதினொரு வருடமாக அதே இடம்தான். எந்த வேப்பமரத்தடியில் எவ்வளவு சருகு விழும், எந்த மடத்து வாசலில் எச்சில் தட்டு அதிகம் என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

ஆனால் அவள் வேலை செய்கிறாள் என்பதை அவளது இடுப்பிலிருக்கும் போன் நம்ப வேண்டும்.

"முகத்தைக் காட்டவும்" என்று இடுப்பிலிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

பாஞ்சாலை துடைப்பத்தை மரத்தில் சாய்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மடியிலிருந்து போனை எடுத்தாள். அதைச் சுற்றியிருந்த ஈரத்துணியைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வெளிச்சம் போதவில்லை."

எப்படிப் போதும்? அவள் இருப்பது மலைக்கு மேற்கே. ஊருக்குள் வெயில் விழுந்தாலும் இந்தப் பக்கத்தை மலை மறைத்துக்கொண்டு நிற்கும். ஏழு மணி தாண்டினால்தான் இங்கே சூரியன் தெரியும். இந்த ஆப்பைச் செய்த மகராசன் ஒரு நாளாவது இந்த மலையைச் சுற்றியிருந்தால் அது தெரிந்திருக்கும். பாஞ்சாலை டார்ச்சைப் போட்டு மறுபடியும் முகத்தைக் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. ஐந்து மணிக்கு நூறு காட்டிய பேட்டரி இப்போது ஆறரைக்கு நாற்பத்தொன்று காட்டியது.

மூன்று வாரத்துக்கு முன்புவரை இந்தத் தொல்லை இல்லை. துப்புரவுக் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் 'ஒளிர்தடம் கிளீன் சர்வீஸ்' பதினெட்டுத் தொழிலாளிகளுக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்திருந்தது. காலையில் ஒரு தடவை, முடிக்கும்போது ஒரு தடவை முகத்தைக் காட்டினால் போதும். ஒரு திங்கட்கிழமை எல்லார் போனிலும் ஒரு வட்டம் தானாகச் சுற்றியது. அப்டேட் என்றார்கள். அன்றிலிருந்து அரை மணிக்கொரு தடவை முகம் கேட்கிறது. பெருக்குவதற்கு முன்னால் ஒரு போட்டோ, பெருக்கிய பின்னால் ஒரு போட்டோ கேட்கிறது. நடுவில் எந்நேரமும் ஆள் எங்கே நிற்கிறாள் என்று தேடிக்கொண்டே இருக்கிறது. எட்டு மணிக்கு போன் செத்துப்போகும். போன் செத்தால் ஆளும் செத்த கணக்கு. அன்றைக்கு ஆப்சென்ட்.

முதல் நாளே, கூடப் பெருக்குகிற தேவிப்ரியா கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டாள், "சார் சார்ஜ் நிக்கல" என்று. கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தியையே அழித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் பாலாஜியிடம் நேரில் சொன்னதற்கு, "புது வெர்ஷன்கா, போகப் போக சரியாயிடும்" என்றான்.

சார்ஜ் போடலாமென்று பாதையோரத்து டீக்கடையில் கேட்டார்கள். "பிளக்கு கம்மியா இருக்கும்மா" என்றார் கடைக்காரர். சுவரில் நாலு பிளக் காலியாகத்தான் இருந்தன. கிரிவலம் வந்த ஒரு குடும்பம் கேட்டபோது சிரித்த முகமாக ஒயரை நீட்டினார். யார் கையிலிருந்து எந்தச் சாமானை வாங்கினால் தீட்டு என்று மின்சாரத்துக்குத் தெரியாது. மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தூ!

சார்ஜ் போவது ஒரு பக்கம், சூடு இன்னொரு பக்கம். போன் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. அப்போதுதான் பாஞ்சாலைக்கு அந்த யோசனை தோன்றியது. வெயில் காலத்தில் குடிதண்ணீர் பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றி வைப்பது இவர்கள் எல்லாருக்கும் வழக்கம். தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே துணியைப் பிழிந்து போனுக்குச் சுற்றினாள். சூடு அடங்கியது. இரண்டே நாளில் பதினெட்டுப் பேரும் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். போனுக்கு ஈரம் ஆகாது என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. ஆனால் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் யாரால் குனிந்து பெருக்க முடியும்?

பௌர்ணமிக்கு மறுநாளான அன்றைக்குக் குப்பை மலையாகக் கிடந்ததால் துணியை நனைக்கப் பாஞ்சாலைக்கு நேரமில்லை. துணி எப்போதோ காய்ந்துபோயிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கூடையைத் தூக்கி வண்டியில் கொட்டக் கையை உயர்த்தியபோது வலது இடுப்பில் சுரீரென்றது. தேள் கொட்டிவிட்டதென்றுதான் நினைத்தாள். அடுத்த நொடி கருகிய நாற்றமும் புகையும் வந்தன.

"அய்யோ! அய்யோ!"

மடியை உதறினாள். போன் தாரில் போய் விழுந்தது. அதன் முதுகு பூரி போல் உப்பிப் பிளந்திருந்தது. தள்ளி நின்று பெருக்கிக்கொண்டிருந்த தேவிப்ரியா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பி.காம் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், மூட்டுவலியில் படுத்துவிட்ட அம்மாவின் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு வந்த பெண். அவள் பாட்டில் தண்ணீரை முதலில் பாஞ்சாலையின் இடுப்பில் ஊற்றினாள். சேலையை விலக்கியபோது உள்ளங்கை அளவுக்குத் தோல் சேலையோடு வந்தது.

பாலாஜி பைக்கில் வந்தான். வந்தவன் முதலில் போனைத்தான் எடுத்தான். சிம் வைக்கும் தட்டை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இங்க பாருங்க. இந்த ஸ்டிக்கர் வெள்ளையா இருக்கணும். செவப்பாயிருக்கு. தண்ணி பூந்திருக்கு."

"இடுப்பு வெந்துகினு நிக்கறாங்க, நீ ஸ்டிக்கரு பாக்கறியாண்ணா?" என்றாள் தேவிப்ரியா.

அவன் தரையில் கிடந்த துணியைக் காலால் நகர்த்தினான். "இன்னா துணி இது? போனுக்கா சுத்துனீங்க?"

பாஞ்சாலை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருக்கலாம்தான்.

சாயங்காலத்துக்குள் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. நாளைக் காலையில் முதலாளி வேதா மேடமே துடைப்பங்கள் வைக்கும் ஷெட்டுக்கு வருவார்கள். கம்பெனிச் சொத்தை வேண்டுமென்றே நாசம் செய்தேன் என்ற காகிதத்தில் பாஞ்சாலை கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும். போடவில்லை என்றால் போலீஸ். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான்.

நர்சிங் படிக்கும் மகள் அபிநயாவுக்கு போன் செய்து சொல்லக்கூடப் பாஞ்சாலைக்கு மனசு வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் மருந்து போட்டு வெளியே வந்ததும் தேவிப்ரியா அவளைப் பே கோபுரத் தெருவுக்கு அழைத்துப் போனாள். அங்கே முன்னி பேகம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஜியாவுல்லா வெளிநாடு போன பிறகு கடையை அவள்தான் பார்க்கிறாள். ஊரில் பாதிப் போன்களின் வயிற்றை அறுத்துப் பார்த்த கை.

பாலாஜி தாரிலேயே போட்டுவிட்டுப் போனதால் இவர்கள் எடுத்து வந்திருந்த உப்பிய போனை அவள் முகர்ந்து பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே நோட்டம் விட்டாள். பிறகு தேவிப்ரியாவின் போனை வாங்கி செட்டிங்ஸைத் தட்டினாள்.

"இத்த பாரும்மா. காலையிலருந்து எது எவ்ளோ சார்ஜ் தின்னுச்சுனு காட்டுது. எண்பத்திமூணு பர்சென்ட்டு இந்த ஒரே ஆப்பு. மூடினாலும் மூடல. உள்ளாறயே ஓடிகினு இருக்கு. கேமராவ உடாது, ஜிபிஎஸ்ஸ உடாது. அப்டேட்டு பண்ணவன் இத்த தூங்கவே உடல."

"அப்போ ஈரத்துல கெட்டுப் போவலியா?" என்றாள் பாஞ்சாலை. அவள் கேட்க விரும்பியது அந்த ஒன்றைத்தான். தான் சொல்லிக் கொடுத்த ஈரத்துணியால் மற்ற பதினேழு பேருக்கும் கெடுதல் வந்துவிடுமோ என்பதுதான் இடுப்புக் காயத்தைவிட எரிந்துகொண்டிருந்தது.

"ஈரம் நல்லதுனு சொல்ல மாட்டேன். ஈரம் பூந்தா உள்ள போர்டு போவும், ஸ்பீக்கரு போவும். இது அது இல்ல. மாசக்கணக்குல சூடு ஜாஸ்தியாயி உப்பினா மாதிரி மூணே வாரத்துல உப்பிருக்கு. நீ துணி சுத்தலன்னா முன்னாடியே வெடிச்சிருக்கும். ஒரு பேப்பர் குடு, எழுதித் தர்றேன். கடை சீலும் போடறேன்."

"கம்பெனிக்காரங்க உங்க மேல கோவப்படுவாங்களே" என்றாள் தேவிப்ரியா.

"படட்டும். அவங்க எனக்கு சோறு போடல" என்று சொல்லிவிட்டு முன்னி பேகம் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்துப் பேப்பரை நீட்டும்போது மட்டும் ஒரு விஷயம் சொன்னாள். "எல்லாரும் துணி சுத்துனீங்கன்னா, எல்லார் போன்லயும் அந்த ஸ்டிக்கரு செவப்பாத்தான் இருக்கும். அதையும் தெரிஞ்சிக்கோங்க."

அன்று இருட்டுவதற்குள் வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் டேங்க் அடியில் பதினெட்டுப் பேரும் கூடினார்கள். தேவிப்ரியா விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு சிம் தட்டை இழுத்துப் பார்த்தார்கள். எல்லாமே சிவப்பு.

குப்பை டிராக்டரோடு போகும் சின்னசாமிதான் முதலில் வாய் திறந்தார். அறுபதை நெருங்குகிறவர். இரண்டு தடவை காண்ட்ராக்ட் மாறியும் வேலையைத் தக்கவைத்துக்கொண்டவர், அதனாலேயே எதற்கும் பயப்படுகிறவர்.

"நான் சொல்றத கேளுங்க. நம்மள யாரும் பாக்கல. துணியத் தூக்கிப் போட்டுட்டு சும்மா இருந்துடலாம். எல்லாரும் மாட்டிகினா எல்லார் சோத்துலயும் மண்ணு."

"அப்போ பாஞ்சாலக்கா?" என்றாள் தேவிப்ரியா.

சின்னசாமி தரையைப் பார்த்தார். "நான் இன்னா பண்ணட்டும்மா. எனக்கு வூட்ல மூணு பேத்திங்க."

"அன்னிக்கு போன் சூட்டுல உங்க தொடை கொப்புளிச்சப்ப துணி சுத்திக் குடுத்தது யாரு மாமா? அவங்கதான?"

"ஏய், சும்மா இரு" என்று பாஞ்சாலை அவளை அடக்கினாள். காயத்தில் சேலை படாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து குந்தியிருந்தாள். "அண்ணன் சொல்றதுதான் சரி. துணி சுத்தச் சொன்னது நானு. நான் ஒண்டியா போறேன். நீங்க எல்லாரும் துணியத் தூக்கிப் போட்டுடுங்க. அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டா அதோட முடிஞ்சிபூடும்."

"முடியாதுக்கா. நாளைக்கு இன்னொருத்தர் இடுப்பு வேகும். அப்ப அவங்க கையெழுத்து" என்றாள் தேவிப்ரியா. ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்கள். தேவிப்ரியாவுக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரம் கம்பெனி மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஷெட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றது. வேதாவுக்கு நாற்பது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, நெற்றியில் விபூதிக் கீற்று. குரலில் தேன் வழிந்தது.

"வாங்க பாஞ்சாலைக்கா. உடம்பு எப்படி இருக்கு? ராத்திரி முழுக்க உங்க நினைப்புதான் எனக்கு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது என்று தேவிப்ரியா நினைத்துக்கொண்டாள்.

மேசையில் நீல மையில் எழுதி வைத்த ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன. "ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இங்க ஒரு கையெழுத்து. கேஸ் கீஸுன்னு நான் போகவே மாட்டேன்."

"இதுல இன்னா எழுதியிருக்குனு படிங்க மேடம்" என்றாள் பாஞ்சாலை.

"நீங்களே படிக்கலாமே."

"நான் படிச்சேன். உங்க வாயால கேக்கணும்."

வேதா கொஞ்சம் தயங்கிவிட்டுப் படித்தாள். "நிறுவனம் வழங்கிய கைபேசியை நான் வேண்டுமென்றே ஈரப்படுத்திச் சேதப்படுத்தினேன்..."

"வேணும்னு இல்ல மேடம். சூடு தாங்கல. அப்டேட்டு வந்ததுலருந்து நெருப்பு மாதிரி காயுது. ரெண்டு தடவ சொன்னோம்."

"இந்தாங்க, கடைல எழுதிக் குடுத்தது" என்று தேவிப்ரியா முன்னி பேகத்தின் காகிதத்தை நீட்டினாள்.

வேதா அதை வாங்கவில்லை. "ஏதோ பெட்டிக் கடைல எழுதினதெல்லாம் எங்க எஞ்சினியர் ஒத்துக்க மாட்டார்மா. பதினெட்டு போன் குடுத்திருக்கோம். மத்த பதினேழும் நல்லாத்தானே இருக்கு? ஒரே அப்டேட்டுதானே எல்லாத்துக்கும்? அப்போ தப்பு போன் மேலயா, ஆள் மேலயா?"

அதற்கு பதில் ஷெட்டுக்குள்ளேயே நின்றிருந்தது. பதினேழு பேரும் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். பாஞ்சாலை அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவர்களைக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். அவள் பேனாவை எடுத்தாள். குனியும்போது காயம் இழுத்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "ம்" என்று ஒரு சின்ன முனகல் வந்தது. அவ்வளவுதான்.

"இருமா."

சின்னசாமி முன்னால் வந்தார். காக்கிச் சட்டைக்குள் கையை விட்டு அவர் எடுத்ததை மேசையில் வைத்தார். ஈரத்துணி சுற்றிய போன். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னுதும் ஈரந்தான் மேடம். ஸ்டிக்கரு செவப்பு. பாத்துக்கோங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "நேத்து துணியத் தூக்கிப் போடச் சொன்னதே நான்தான். காலைல போட்டுட்டுத்தான் கெளம்பனேன். பத்து நிமிஷம் தாங்கல. மறுபடியும் எடுத்து நனைச்சேன்."

"சின்னசாமி, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்..." என்று பாலாஜி ஆரம்பித்தான். அதற்குள் தேவிப்ரியாவின் போன் மேசைக்கு வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இரண்டு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "என்னுதும்." "என்னுதும்தான்." "இந்தா, இதுவும்." பழைய பனியன் துணி, கிழிந்த பாவாடைத் துண்டு, குழந்தையின் துவாலை என்று விதவிதமான துணிகளில் பதினேழு போன்கள் மேசையில் சேர்ந்தன. அவற்றிலிருந்து வடிந்த தண்ணீர் அந்தக் காகிதத்துக்குள் ஏறியது. 'வேண்டுமென்றே' என்ற எழுத்தில் மை பரவி நீலமாக ஓடியது.

வேதாவின் குரலில் இருந்த தேன் காணாமல் போனது. "மிரட்டுறீங்களா? எல்லாரையும் இப்பவே நிறுத்திடுவேன். வாசல்ல ஆள் காத்திட்டிருக்கு."

"நிறுத்துங்க" என்றாள் பாஞ்சாலை. பேனாவை மூடி மேசையில் வைத்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது வந்தது. "புது ஆள வெச்சி அவங்க இடுப்பையும் கொளுத்துங்க. உங்க புள்ள மடியில இந்த போன வெச்சி ஒரு மணி நேரம் குந்தச் சொல்லுங்க மேடம், அப்ப தெரியும். நாங்க வேலைய நிறுத்தல. தோ, இப்பவே போறோம். போனு மட்டும் வராது. சரி பண்ற வரைக்கும் நோட்டுல ஆஜர் போடுங்க. அந்தப் பேப்பரக் கிழிங்க. என் புண்ணுக்கு வைத்தியம் பாருங்க. அது வரைக்கும் இது இங்கயே கெடக்கட்டும்."

"போன் இல்லாம நீங்க வேலை செஞ்சீங்கன்னு எப்படித் தெரியும்?" என்றான் பாலாஜி. அவன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"பெருக்கின ரோடு இருக்குது இல்ல? நடந்து வந்து பாருங்கண்ணா" என்றாள் தேவிப்ரியா. "ஊரே சுத்தற மலதான. நீங்களும் ஒரு சுத்து வாங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். பதினெட்டுப் பேரும் துடைப்பங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வேதா யாருக்கோ போன் செய்து கத்துவது வாசல் வரை கேட்டது. அவள் போலீஸைக் கூப்பிடலாம். புது ஆட்களை வேனில் இறக்கலாம். எதுவும் நடக்கலாம்.

பாஞ்சாலை ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தாள். சின்னசாமி அவள் கையிலிருந்த தகரத்தையும் கூடையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் பாதை ஏறும்போது ஷெட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் குரல் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினேழு போன்களும் ஈரத்துணிக்குள்ளிருந்து கத்தின.

"முகத்தைக் காட்டவும். முகத்தைக் காட்டவும். முகத்தைக் காட்டவும்."

பழக்கதோஷத்தில் இரண்டு பேரின் கை இடுப்புக்குப் போய்த் திரும்பியது. யாரும் நிற்கவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. பாஞ்சாலை தன் இடத்துக்கு வந்ததும் துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சீராக்கிக்கொண்டு, கிடந்த முதல் அகல் சில்லைப் பெருக்கித் தள்ளினாள்.